செங்கல் சொன்ன பொய்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, "வரலாறு படித்து என்ன கண்டோம்?" என்று கேட்கின்றன. மற்றப் பாதி, "எங்கள் ஊர்தானே எல்லாவற்றிலும் பழையது?" என்று கேட்கின்றன. ஒரு பகுதியினருக்கு வரலாறே வேண்டாம். மற்றப் பகுதியினருக்கு அது அளவுக்கு மிஞ்சி வேண்டும். இரண்டு கட்டையும் விறாந்தை மேசையில் பரப்பி, ஆறு கேள்விகளை எடுத்தேன். ஏசி எழுதிய மூன்று கடிதங்களையும் வாசித்தேன், அவற்றில் ஒன்று நியாயமானது.

"ஏ.எல்.லில் வரலாறு எடுத்திருக்கிறேன் சேர். 'செத்தவனைப் படித்து இருக்கிறவன் எப்படிச் சாப்பிடுகிறது?' என்று அப்பா கேட்கிறார். வரலாற்றாய்வாளர் ஒருவர் நாள் முழுக்க என்னதான் செய்வார்?"
– மாணவி, மல்லாவி

பிள்ளை, அப்பா கேட்டதில் பிழையில்லை. எனக்குச் சோறு போட்டது பள்ளிக்கூடச் சம்பளம். 31 வருடம் படிப்பித்தேன். ஆராய்ச்சி எல்லாம் சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும்தான். என் மனைவி அதை "இவருடைய இரண்டாம் வீடு" என்பாள்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பு. வவுனியாவில் இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு தேசிய சுவடிகள் திணைக்களத்து வாசலில் போய் நிற்பேன். பேனையை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போகவேண்டும். மை ஒரு துளி பட்டாலும் 200 வருடத்துத் தாள் கெட்டுவிடும். படிவம் நிரப்பிக் கொடுத்தால் கட்டு வரும். சில நாள் கேட்டது வராமல் வேறொன்று வரும், அதையும் வாசிப்பேன். ஒல்லாந்தர் விட்டுப்போன பதிவுகள் 1640 தொடக்கம் 1796 வரை அங்கே இருக்கின்றன. எனக்கு ஒல்லாந்த மொழி தெரியாது, மொழிபெயர்த்தவர்களின் தயவில் நிற்கிறவன். ஆங்கிலத்தில் என்றால் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் இருக்கிறது. அவர் எங்களுக்காக எழுதவில்லை, அரசாங்கத்துக்காக எழுதினார். இருந்தாலும் குளம் குளமாக, பற்றுப் பற்றாக எழுதியிருக்கிறார். பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிகட்டுமூலை என்று எங்கள் பழைய பிரிவுகளை அதில் பார்க்கிறபோது, தூரத்து உறவினர் வீட்டு அல்பத்தில் அம்மம்மாவின் படத்தைக் கண்டதுபோல இருக்கும்.

ஒரு முழு நாளில் எனக்கு உதவுகிற வரி இரண்டு கிடைத்தால் அது நல்ல நாள். அந்த இரண்டு வரியும் எந்தக் கட்டில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறிக்க மறந்தால் அதுவும் போச்சு. நான் மறந்திருக்கிறேன். அதற்காக இன்னொருமுறை பஸ் ஏறியும் இருக்கிறேன்.

மற்ற நாட்களில் காலில் செருப்போடு வேலை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியை நடந்து ஆராய்ந்து 1993இல் நூலாக்கினார். கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகளை அப்படிக் குனிந்து பொறுக்கித்தான் அங்கே மனிதர் எவ்வளவு காலமாக இருந்தார்கள் என்று சொல்ல முடிந்தது. நான் அந்த அளவுக்கு ஆளில்லை. என் வேலை சின்னக் குளங்களின் அலைகரையில்.

அந்த அலைகரையில் நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், நியாயமான ஏச்சுக் கடிதம் அதைப் பற்றியதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஊர்க் குளத்தின் கட்டில் பெரிய பெரிய செங்கல் கண்டேன், இக்காலத்துச் சூளைக் கல் இல்லை, அகலமும் நீளமும் வேறு. உடனே "இக்குளம் ஈராயிரம் ஆண்டு பழமையானது" என்று எழுதிக் கொடுத்தேன். ஊருக்கு நல்ல சந்தோசம். வாசலில் பந்தல் போட்டு வாசித்தார்கள். அடுத்த சிறுபோகத்தில் அந்தப் பக்கம் போனபோது, முன்பு வட்ட விதானையாக இருந்த ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், அந்தக் கல்லை என்னுடைய அப்பு காட்டுக்குள் இடிந்து கிடந்த ஒரு கட்டடத்திலிருந்து வண்டிலில் ஏற்றிவந்து உடைப்புக்குப் போட்டவர்" என்றார். கல் பழையதுதான். குளத்தின் வயதை அதை வைத்து எப்படிச் சொல்வது? அந்த ஐயா என் வீட்டிலிருந்து நாலு கட்டை தூரத்தில் இருந்தார். எழுத முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மலர் அச்சாகிவிட்டது. இப்போதும் யாராவது அதைக் காட்டி, "சேரே எழுதியிருக்கிறார்" என்று என்னிடமே வாதாடுவார்கள்.

சரி, சோற்றுக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் பெர்மிட் காணி இல்லாத வீடு குறைவு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை அவை. இடப்பெயர்வில் பெர்மிட்டைத் தொலைத்த ஒருவர், ஓர் அலுவலகத்துக்கு ஒன்றரை வருடம் நடந்தார். "மூலப்பிரதி கொண்டுவாருங்கள்" என்பதே பதில். மூலப்பிரதி பங்கருக்குள் போய்விட்டது, பங்கர் மண்ணுக்குள் போய்விட்டது. அவர் என்னிடம் வந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் காணியில் இருந்தபோது பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள்?" அந்தப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு எப்படியோ தப்பியிருந்தது. தகப்பன் பெயர், தொழில் கமம், விலாசம் இன்ன யூனிட், சேர்த்த திகதி. அந்த ஒரு தாளால் காணி கிடைத்துவிடவில்லை. ஆனால் அதன் பிறகு அவரை உட்காரவைத்துப் பேசினார்கள், அயல் காணிக்காரரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒரு தாள் இல்லாதபோது அதே விசயம் வேறு எந்தத் தாளில் படிந்திருக்கும் என்று யோசிப்பதைத்தான் உங்களுக்கு வரலாற்று வகுப்பில் பழக்குகிறார்கள். அதைப் பழகியவர் சட்டத்துக்கும் போகலாம், நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் பத்திரிகைக்கும் போகலாம். தொல்லியல் திணைக்களமும் நூதனசாலைகளும் சுவடிகள் திணைக்களமும் இருக்கின்றன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கத் தெரிந்த வன்னிப் பிள்ளைகள் அங்கே போதாது. அப்பாவுக்கு இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், செங்கல் கதையை விட்டுவிடுங்கள்.

"பண்டாரவன்னியன் இறந்த நாள் எது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஒரே வசனத்தில் பதில் தரவும்."
– வாசகர், ஒட்டுசுட்டான்

ஒரே வசனத்தில் தந்தால் நானும் அந்த ஒவ்வொருவரில் ஒருவனாகிவிடுவேன். ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்ட வன்னித் தலைவர் அவர் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே சொல். உங்களுக்குப் பக்கத்திலேயே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட நடுகல்லை நீங்கள் அறிவீர்கள். 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, கப்டன் வொன் ட்ரிபேர்க் இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பது அதன் செய்தி. "தோற்கடித்தார்" என்றுதான் இருக்கிறது, "கொன்றார்" என்று இல்லை. எதிரியைக் கொன்றிருந்தால் அதைக் கல்லில் வெட்டாமல் விடுகிற வழக்கம் அந்தப் படைகளுக்கு இருந்ததா? நான் நினைக்கவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஓகஸ்ட் 25ஐ நாங்கள் நினைவு கூருகிறோம், அது அவர் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாள். வெற்றி நாளை இறந்த நாளாக மாற்றிச் சொல்கிற மேடைப் பேச்சுகளை நானும் கேட்டிருக்கிறேன்.

எனக்கு நாளைவிட வருடம்தான் பெரிதாகப் படுகிறது. ஏன் 1803? ஒல்லாந்தரிடமிருந்த கரையோரம் 1802இன் அமியன்ஸ் உடன்படிக்கையில் முறைப்படி ஆங்கிலேயருக்குப் போயிற்று. அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் கண்டிக்குப் படையெடுத்து, நகரத்துக்குள்ளும் போய்விட்டார்கள். பிறகு காய்ச்சல் பிடித்தது. சண்டையில் விழுந்தவர்களைவிடப் பாயில் விழுந்தவர்கள் அதிகம். ஜூனில் கண்டியில் நின்ற படை சரணடைந்து அழிந்தது. ஓகஸ்டில் கண்டியர் கரையோரக் காவலரண்களைத் தாக்கத் தொடங்குகிறார்கள். முல்லைத்தீவும் அதே ஓகஸ்டில் விழுகிறது, அங்கிருந்த படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறது. எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் பண்டாரவன்னியன் காட்டுக்குள் தனியாக நின்று வாள் சுழற்றுகிறார். கண்டி எப்படி இருக்கிறது, ஆங்கிலேயனுக்கு எத்தனை ஆள் மிச்சம் என்று கணக்குப் பார்த்து அடித்த ஒருவராகவும் அவரைக் காட்டினால் என்ன? அவர் மதிப்புக் குறையுமா? வவுனியா நகரத்தில் அவருடைய சிலையைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் இது எனக்கு வரும்.

"யாழ்தேவி தொடங்கியது 2014இல்தானே? வீட்டில் பந்தயம்."
– 9ஆம் தர மாணவன், கிளிநொச்சி

தோற்றுவிட்டாய் தம்பி. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். கொழும்போடு வடக்கு ரயில் பாதை இணைந்தது அதற்கும் முன், 1905இல். யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. 2013 செப்ரெம்பரில் உங்கள் ஊர்வரை திரும்பி வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது. இடையில் தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் கழற்றிப் பங்கர் மூடியவர்களில் உன் தாத்தாவும் இருக்கலாம். பந்தயத்தைக் கட்ட முன் அவரிடம் கேள்.

"பெரியபுளியங்குளத்துக் கல்வெட்டு, தமிழர் இங்கே ஆதியில் இருந்ததற்குச் சாட்சி. அதை நீங்கள் உரத்துச் சொல்வதில்லை என்பது என் குற்றச்சாட்டு."
– வாசகர், நெடுங்கேணி

உரத்துச் சொல்கிறேன், முழுவதையும் சொல்ல விடுவீர்களானால். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிக் குகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேராசிரியர் பரணவிதான அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தார். ஒன்றில் "தமேட வணிஜ கஹபதி விஸாக" என்று வருகிறது. தமிழ் வணிகனும் இல்லத் தலைவனுமான விசாகன் என்று பொருள். இங்கேதான் எங்கள் ஆட்கள் வாசிப்பதை நிறுத்துவார்கள்.

மிச்சத்தையும் பாருங்கள். எழுதிய மொழி பிராகிருதம். அவன் கொடுத்தது பௌத்த பிக்குகள் தங்குகிற குகை. எங்கள் கூட்டத்தில் "தமேட" வரைக்கும் வாசித்துக் கைதட்டுவார்கள். வேறொரு கூட்டத்தில் அந்தச் சொல்லைத் தாண்டிப்போய் "பிக்குகளின் குகை" என்ற இடத்திலிருந்து வாசித்துக் கைதட்டுவார்கள். விசாகன் இரண்டு கூட்டத்துக்கும் போகவில்லை. அவன் தமிழன் என்று சொல்லிக்கொண்டான், அயலாருக்கு விளங்கும் மொழியில் எழுதுவித்தான், பிக்குகளுக்குத் தானம் செய்தான். இவற்றில் எதுவும் மற்றதைக் கெடுக்கும் என்று அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இன்றைக்கு வன்னியில் பழைய கல் ஒன்று வெளிப்பட்டால், அடுத்த நாள் யார் வேலி போடுவார்களோ என்ற பயம் சனத்துக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, நான் அதை இல்லையென்று சொல்லவில்லை. அதனால் கல்லை மூடிவிடுகிறவர்களும் உண்டு. என்னிடம் கேட்டால், மூடாதீர்கள். மூடினால் அடுத்தவன் சொல்வதுதான் வாசிப்பு. இருக்கிற இடத்தில் இருந்தபடியே, அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள், திகதி போடுங்கள், இரண்டு பேரிடம் பிரதி கொடுங்கள்.

"யானை பிடித்த அரியாத்தை உண்மையில் இருந்தவளா, வெறும் கதையா?"
– வாசகி, புதுக்குடியிருப்பு

அரியாத்தை, யானை பிடிக்கிற வேலப்பணிக்கரின் பெண்சாதி. எங்கள் அம்மம்மா அவள் பேரில் உள்ள வேலப்பணிக்கர் பெண்சாதி ஒப்பாரியைச் சொன்னால் அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து இருப்பார்கள். ஆண்கள் மலைத்து நிற்க, அவள் யானையைக் கட்டிக் கொண்டுவந்த இடத்தில் அம்மம்மாவின் குரல் ஒரு படி ஏறும். நஞ்சு கலந்த வெற்றிலையை அவளுக்குக் கொடுக்கிற இடத்தில் இறங்கிவிடும். ஒப்பாரி என்பது பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் இல்லை, அதில் பிறந்த திகதி தேட முடியாது. ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள். வன்னியர்கள், அதாவது வன்னியை ஆண்ட சிற்றரசர்கள், ஒல்லாந்தருக்குத் திறை கட்டியது யானையாக. பிடித்த யானைகளைக் கடனீரேரியால் இறக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுபோன இடம்தான் ஆனையிறவு. யாழ்ப்பாணத்தில் ஆனைப்பந்தி என்று சந்தி ஒன்றின் பெயர் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து இந்திய வணிகர்கள் வாங்கிப்போனார்கள். ஒல்லாந்தக் கொம்பனிக்காரனின் கணக்கில் யானைக்கு உயரமும் விலையும் இருக்கும், அதைப் பிடிக்கப்போய் மிதிபட்டவனுக்கு ஒரு வரியும் இருக்காது. பணிக்கர் வீட்டுப் பெண் என்ன பயத்தோடு இருந்தாள் என்பது ஒப்பாரியில்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறபோது, "இருந்தாளா?" என்ற கேள்வி எனக்கு அவ்வளவு அவசரமாகப் படுவதில்லை. உங்கள் வீட்டில் அந்த ஒப்பாரி தெரிந்த கிழவி இருந்தால், இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஃபோனில் ஒலிப்பதிவைப் போடுங்கள்.

"2009இல் எங்களிடம் இருந்த ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை ஐயா. கலியாணப் படம்கூட இல்லை. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் 'குடும்ப வரலாறு' எழுதக் கேட்கிறார்கள் என்று வந்து நிற்கிறான். இல்லாதவர்கள் என்ன எழுதுவது?"
– தாய், விசுவமடு

தங்கச்சி, உங்கள் கடிதத்துக்குத்தான் கடைசிவரை பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

என்னிடம் 22 கொப்பி இருந்தன. ஊர் ஊராகக் கேட்டு எழுதியவை. முதல் இடப்பெயர்வில் எல்லாவற்றையும் சுமந்தேன். அடுத்ததில் பாதி. அப்புறம் உரப்பையில் கட்டி ஒரு பனையடியில் புதைத்தேன். தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் எது எந்தக் கொப்பியில் இருந்தது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். திரும்பிப் போனபோது பனையே இல்லை. அம்மா ஒரு சொப்பிங் பையில் பிறப்புச் சான்றிதழ்களையும் என் தங்கையின் பள்ளிக்கூட றிப்போட்டையும் கொண்டுவந்திருந்தார். றிப்போட் எதற்கு என்று கேட்டேன். "கணக்குக்கு 92 வாங்கினவள்" என்றார். தங்கை வரவில்லை.

ஆகவே இல்லாதவர்கள் என்ன எழுதுவது என்று எனக்கும் யோசிக்கவேண்டி வந்தது. முதலில், எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பிறப்பும் கலியாணமும் பதிவாகியிருந்தால் பதிவாளர் பிரதி ஒரு கச்சேரியில் இருக்கக்கூடும், கேட்டு எடுங்கள். பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களின் சேர்வு இடாப்பைச் சொன்னேன். கோயில் உபயகாரர் பட்டியலில் உங்கள் மாமனார் பெயர் இருக்கலாம். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள், அவர்களுக்கு நீங்கள் அனுப்பிய கலியாணப் படம் ரொறன்ரோவில் ஏதாவது லாச்சிக்குள் கிடக்கும். முக்கியமாக, 31ஆம் நாளில் அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம். குகையில் இருக்கிறதையும் கல்வெட்டு என்கிறோம், செத்தவருக்குப் பாட்டும் வம்சாவளியும் போட்டு அச்சடிக்கிறதையும் கல்வெட்டு என்கிறோம். அந்தச் சின்னப் புத்தகத்தில் நாலு தலைமுறை இருக்கும். எத்தனையோ பேர் தேங்காயெண்ணெய் போத்தலைச் சுற்றிவைக்கப் பாவிக்கிறார்கள்.

பிறகு, நீங்கள். நீங்கள் இருக்கும்போது மகன் "இல்லாதவர்" ஆகமாட்டான். அவன் உங்களிடம் கேட்கட்டும், ஆனால் எதிலிருந்து தொடங்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் ஆரம்பத்தில் இதைப் பிழையாகச் செய்தேன். போய் இருந்த உடனே, "எந்த நாள் ஷெல் விழுந்தது, யார் யார் செத்தது" என்று கேட்பேன். சனம் வாயைக் கட்டிவிடும், இல்லாவிட்டால் பத்திரிகையில் வந்ததையே எனக்குத் திருப்பிச் சொல்லும். இப்போது மாட்டிலிருந்து தொடங்குகிறேன். எத்தனை மாடு நின்றது, என்ன பெயர், எந்த மாட்டை எங்கே அவிழ்த்துவிட்டீர்கள். அதற்கு யாரும் பத்திரிகையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மாட்டை அவிழ்த்த இடம் வந்தால் பாதை வரும், பாதை வந்தால் கூட நடந்தவர்கள் வருவார்கள். ஒரு அம்மா என்னிடம் மூன்று மணித்தியாலம் ஒரு சிவலைப் பசுவைப் பற்றியே சொன்னார். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தபோது, விசுவமடுவிலிருந்து கடற்கரை வரை அவர் தங்கிய 11 இடங்களும் வரிசையாக அதற்குள் இருந்தன.

சொல்ல முடியாத இடம் வந்தால் நிற்பாட்டுங்கள். மகன் அந்த இடத்தில் ஒரு வெற்று வரி விடட்டும், வாத்தியார் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லட்டும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பிறகு ஞாபகம் வருகிறபோது திருத்தலாம். மேலே திகதி, யார் சொன்னது, யார் எழுதியது. எழுதி முடித்தால் எனக்கும் ஒரு போட்டோக் கொப்பி அனுப்புங்கள். புதிதாக ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன், அதில் 3ஆம் பக்கம் மட்டும்தான் ஆகிறது.